சும்மா சும்மா செக் வைக்காதீங்க பாஸ்!

குதிரை எப்படித் தாவும்னு தெரியும். காஸ்லிங் தெரியும். நாலே மூவ்ல மேட் பண்ற அந்தப் பழைய டகால்டி வேலையும் தெரியும். அதை வச்சே ஹாஸ்டலுக்குப் புதுசா வந்த ஃபர்ஸ்ட் இயர் பசங்களை ஒரு மாசம் ஓட்டியாச்சு. அப்புறம்?

அப்புறம்தான் பக்கத்து ரூம்ல இருந்து ஒருத்தன் வருவான். ரொம்ப சாது. பேசவே மாட்டான். நீங்க 'செக்'னு கத்துவீங்க. அவன் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவான். மறுபடியும் 'செக்'! அவன் ராஜாவை ஓரமா ஒதுக்குவான். இருபதாவது மூவ்ல திரும்பிப் பார்த்தா, உங்க ராணி ஏதோ ஒரு மூலையில டிராஃபிக்ல மாட்டின ஷேர் ஆட்டோ மாதிரி நிக்கும். அவன் பாட்டுக்கு யானையைத் தூக்கி வச்சு மேட் சொல்லிட்டு மெஸ்ஸுக்குக் கிளம்பிடுவான். 'இன்னிக்கு சப்பாத்தியாடா?'ன்னு கேள்வி வேற!

இந்தக் கட்டுரை அந்த 'அப்புறம்?'-க்காக. விதிகள் தெரியும், ஃபோர்க், பின் எல்லாம் என்னன்னு தெரியும், ஆனா அதுக்கு மேல ஒரு படி ஏற முடியலைன்னு முழிக்கிற கோஷ்டிக்காக. ஜோனல்ஸ் டீம்ல கடைசி இடத்துக்கு ரெண்டு பேர் மோதி, அதுல நீங்க ஒருத்தரா இருந்தா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க.

ஒரு சின்ன டிஸ்கி. சில வீடுகள்ல ராணியையே மந்திரினு சொல்லி ஆடுவாங்க. இங்கே மந்திரினா குறுக்கே போற பிஷப். யானைனா ரூக். கட்டங்களை இடமிருந்து வலமா ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வெள்ளை பக்கத்துல இருந்து மேல 1, 2, 3... 8. இவ்வளவு போதும்.

ஆளைக் கூட்டிட்டுப் போங்க!

தெருச் சண்டைக்குத் தனியாப் போறவனை என்னன்னு சொல்வோம்? செஸ்ல நாம முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்றோம். ராணியை மட்டும் அனுப்பி வைக்கிறோம். கூட ஒரு குதிரை போனா பெரிய விஷயம். மத்த காயெல்லாம் வீட்டுல தூங்குது.

1886-ல முதல் உலக சாம்பியன் ஆன ஸ்டெய்னிட்ஸ் இதுக்கு ஒரு கணக்கு வச்சார். அவருக்கு முன்னாடி அட்டாக்னா அது ஒரு மூடு, ஒரு வீரம், மேதைகளோட சமாச்சாரம். அவர் வந்து, 'உன் பக்கம் ஏதோ ஒரு அனுகூலம் சேர்ந்திருந்தாதான் அட்டாக் பண்ண உனக்கு உரிமை. சேர்ந்துட்டா பண்ணியே ஆகணும், இல்லேன்னா அந்த அனுகூலம் கரைஞ்சிடும்' என்கிற மாதிரி விளக்கினார். கேட்க டைனமிக்ஸ் வகுப்பு மாதிரி இருந்தாலும், போர்டுல இதைப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கு. எதிராளி ராஜாவைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. அந்த வட்டத்துக்குள்ள ரெண்டே மூவ்ல வந்து சேரக்கூடிய உங்க காய் எத்தனை? அதைக் காக்க வரக்கூடிய அவர் காய் எத்தனை? உங்க எண்ணிக்கை தெளிவா அதிகமா இருந்தா கிளம்பலாம். சமமா இருந்தா இன்னொரு காயை எழுப்பிட்டு வாங்க. தூங்குற யானைக்கு முதல்ல வேலை கொடுங்க.

சந்தேகம் இருந்தா பால் மார்ஃபியைப் பாருங்க. 1858, பாரிஸ் ஓபரா அரங்கம். மேடையில கச்சேரி நடக்குது. மேல பாக்ஸ்ல, பிரன்ஸ்விக் பிரபுவும் இஸ்வார் பிரபுவும் ஒரே டீமா சேர்ந்து உட்கார்ந்து, அமெரிக்காவில் இருந்து வந்த 21 வயசு மார்ஃபியோட ஆடுறாங்க. பதினேழே மூவ். முடிஞ்சுது! கடைசியில மார்ஃபிகிட்ட ராஜாவையும் சிப்பாய்களையும் விட்டா மிச்சம் ஒரே ஒரு யானை, ஒரே ஒரு மந்திரி. ராணியையே கொடுத்துட்டார். எதிர்ப்பக்கமோ ராணி, யானைனு நிறைய வச்சிருந்தாங்க. ஆனா அவங்க ராஜா பக்கத்து மந்திரியும் யானையும் ஆட்டம் முடியுற வரைக்கும் ஒரு தடவைகூட நகரவே இல்லை. அப்போ நிஜத்துல ஆள் பலம் யார்கிட்ட இருந்துச்சு? டப்பாவுல இருக்கிற காயைக் கணக்குல சேர்க்கக் கூடாது பாஸ்.

(அந்த ஆட்டத்தை ஒரு தடவை போர்டுல வச்சு ஆடிப் பாருங்க. பத்து நிமிஷம்தான் ஆகும். செஸ் கத்துக்கிற எல்லாருக்கும் முதல் ஷோ அதுதான்.)

கிரீக் கிஃப்ட்: பரிசா, பொறியா?

அட்டாக்னாலே எல்லார் கையும் பரபரக்கிற ஒரு இடம் எச்7. காஸ்லிங் பண்ணின கறுப்பு ராஜாவுக்கு முன்னாடி இருக்கிற சிப்பாய். அதை ராஜாவைத் தவிர வேற காய் காக்கலைன்னா, வெள்ளை தன் மந்திரியைத் தூக்கி அங்கே அடிச்சு செக் வைப்பார். ராஜா மந்திரியை வெட்டும். உடனே குதிரை ஜி5-ல வந்து இன்னொரு செக். பின்னாலேயே ராணி எச்5-க்கு. இதுக்குப் பேர்தான் கிரீக் கிஃப்ட். இத்தாலிக்காரர் கிரெக்கோ 17-ஆம் நூற்றாண்டுலேயே எழுதி வச்ச அயிட்டம். நானூறு வருஷம் ஆகியும் இன்னும் ஆள் சிக்கிட்டே இருக்காங்கன்னா பாருங்க.

பிரச்னை என்னன்னா, பாதிப் பேர் முதல் மூவை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு மந்திரியைத் தானம் பண்ணிடுறாங்க. ரெண்டு செக், ஒரு கைத்தட்டல், அப்புறம் காலி! இது எப்போ வேலை செய்யும், எப்போ செய்யாதுங்கிறதுலதான் சரக்கே இருக்கு.

குதிரை ஜி5-ல செக் வச்சதும் ராஜாவுக்கு மூணு வழி. ஜி8-க்குத் திரும்பினா ராணி எச்5-க்கு வந்து எச்7-ல மேட் மிரட்டும். கறுப்பு யானையை இ8-க்கு நகர்த்தி, ராஜா ஓட எஃப்8-ல இடம் விடுவார். அப்போ ராணி எஃப்7 சிப்பாயை வெட்டி செக், ராஜா எச்8, ராணி எச்5-ல செக், ராஜா ஜி8, ராணி எச்7-ல செக், ராஜா எஃப்8, ராணி எச்8-ல செக், ராஜா இ7, ராணி ஜி7-ஐ வெட்டி மேட். இந்த வரிசையைக் கண்ணை மூடிட்டுச் சொல்லத் தெரியணும். ரெண்டாவது வழி எச்6. அங்கே போனா சி1-ல இருக்கிற வெள்ளை மந்திரியோட கோட்டுலேயே ராஜா வந்து நிக்கும்; குதிரை எங்கே தாவினாலும் டிஸ்கவர்ட் செக். மூணாவது வழிதான் வில்லங்கம்: ராஜா தைரியமா ஜி6-க்கு வெளியே வந்து நிக்கும். இங்கே சும்மா செக் வச்சா ஜெயிக்க முடியாது. ராணியை ஜி4-க்கோ, சிப்பாயை எச்4-க்கோ கொண்டு வந்து, அடுத்து என்ன பண்ணலாம்னு முன்கூட்டியே யோசிச்சு வச்சிருக்கணும்.

அதனால மந்திரியைத் தொடுறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பார்க்கணும். எஃப்6-ல கறுப்புக் குதிரை இல்லையா? (இருந்தா எச்7-ஐயும் எச்5-ஐயும் அதுவே காக்கும், பெரும்பாலும் வெள்ளையோட இ5 சிப்பாய்தான் அதை அங்கே இருந்து துரத்தியிருக்கும்.) ஜி5-ல நிக்கப் போற குதிரைக்கு உங்க சி1 மந்திரியோட ஆதரவு இருக்கா? கறுப்பு மந்திரி ஏதாவது எஃப்5 மாதிரி கட்டத்துக்கு வந்து எச்7-க்கு முட்டுக்கொடுக்க முடியுமா? அப்புறம் அந்த ஜி6 ஓட்டம், அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா? இந்த நாலுல ஒண்ணு இடிச்சாலும் கையைக் கட்டிட்டு உட்காருங்க. அட்டாக் பண்ணத் தெரிஞ்சவங்க எத்தனை தடவை பண்ணாம விட்டாங்கன்னு யாரும் எழுதி வைக்கிறதில்லை. அதான் நமக்கு அந்தப் பாதி தெரியவே மாட்டேங்குது.

ரெண்டு பேரும் எதிரெதிர் பக்கம் காஸ்லிங் பண்ணியிருந்தா கதையே வேற. அப்போ சிப்பாய்களை முன்னாடி ஓட்டி லைனைத் திறக்கணும். யார் முதல்ல போய்ச் சேர்றாங்கன்னு ஒரு ரேஸ். அங்கே ஒரு மூவ் வீணடிச்சா ஆட்டமே போச்சு. ஆர்வம் உள்ளவங்க வுகோவிச் எழுதின 'தி ஆர்ட் ஆஃப் அட்டாக் இன் செஸ்' புத்தகத்தைத் தேடிப் பிடிங்க. பழைய புத்தகம்தான், ஆனா ராஜாவை எப்படிச் சூழறதுன்னு இவ்வளவு பொறுமையா வேற யாரும் உட்கார்ந்து சொன்னதில்லைங்கிறது என் அபிப்பிராயம்.

பின்னிப் பெடலெடுத்த 23 மூவ்!

இப்போ மெயின் பிக்சர். 2013 ஜனவரி, நெதர்லாந்துல விக் ஆன் ஸீ. வெள்ளை: ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன். கறுப்பு: நம்ம விஸ்வநாதன் ஆனந்த், அப்போ உலக சாம்பியன். கறுப்புக் காயை வச்சுக்கிட்டு, உலகத்தோட டாப் ஆட்டக்காரர் ஒருத்தரை 23 மூவ்ல ஆனந்த் சாய்ச்ச ஆட்டம் இது. என்ன நடந்துச்சுன்னு மெதுவாப் பார்ப்போம். இதுல ஒரு செமஸ்டர் சிலபஸே இருக்கு.

அரோனியனோட குதிரை ஜி5-ல வந்து நின்னு, எச்7 சிப்பாயைக் குறி வைக்குது. பின்னால ராணி, மந்திரி எல்லாம் அதே எச்7-ஐப் பார்த்துட்டு நிக்கிறாங்க. ஆனந்த் கண்டுக்கவே இல்லை. நடுவுல ஒரு சிப்பாயை சி5-க்குத் தள்ளுறார். அரோனியன் குதிரையால எச்7-ஐ வெட்டுறார். அந்தக் குதிரை இப்போ எஃப்8-ல இருக்கிற யானையையும் மிரட்டுது. நாமளா இருந்தா? பதறிப்போய் குதிரையை வெட்டுவோம், இல்லேன்னா யானையை நகர்த்துவோம். ஆனந்த் தன் குதிரையை ஜி4-க்குத் தாவ விட்டார். 'யானை வேணுமா, எடுத்துக்கோ!'

அவரோட ரெண்டு மந்திரியும் பி7-லயும் டி6-லயும் இருந்து வெள்ளை ராஜா வீட்டை நோக்கிப் பீரங்கி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. குதிரை ஜி4-க்கு வந்ததும் எச்2 ஆபத்துல இருக்கு. அரோனியன் சிப்பாயை எஃப்4-க்குத் தள்ளி டி6 மந்திரியோட வழியை அடைச்சார். கரெக்டான வேலை மாதிரிதான் தெரியும். ஆனா ஒரு கதவை மூடினதுல இன்னொரு கதவு திறந்துடுச்சு! நடுவுல சிப்பாய்கள் வெட்டிக்கிட்டதும், சி5-ல இருந்து ஜி1 ராஜாவுக்குப் போற குறுக்குக் கோடு பலவீனமாயிடுச்சு. டக்குன்னு ஆனந்த் அந்த மந்திரியை சி5-ல கொண்டு வந்து வச்சார். அது வெள்ளைச் சிப்பாய் நேராவே வெட்டக்கூடிய இடம். வெட்டினா கோடு திறந்துடும். அரோனியன் வெட்டலை; தன் மந்திரியை இ2-க்கு இறக்கி ஜி4 குதிரையை மிரட்டினார்.

அதுக்குப் பதில்தான் அடுத்த வெடி. இன்னொரு குதிரையைத் தூக்கி இ5-ல வச்சார் ஆனந்த். அதையும் சிப்பாய் சும்மா வெட்டலாம்! வெட்டினா? ராணி டி4-ல வெட்டி செக். ராஜா எச்1 மூலைக்குப் போனா, ராணி நேரா ஜி1-க்கே போய் செக். ஆமா, ராஜா பக்கத்துலேயே! யானை வெட்டித்தான் ஆகணும். வெட்டினதும் குதிரை எஃப்2-ல மேட். தன்னோட யானையும் சிப்பாய்களும் சுத்தி நின்னு மூச்சு முட்ட வச்ச ராஜாவை ஒத்தைக் குதிரை முடிச்சிடும். போர்டுல வராத வேரியேஷன் இது. வராததுதான் இந்த ஆட்டத்தோட அழகே.

அரோனியன் வேற வழியில போனார். யானையையும் எடுத்துக்கிட்டார். அந்த நிமிஷம் காய்க் கணக்குல வெள்ளைக்கு ஒரு முழு யானை அதிகம். எஃப்8-ல நிக்கிற குதிரையை ஆனந்த் வெட்டலாம். வெட்டலையே! ஒரு சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளி ஜி4 குதிரைக்குப் பாதுகாப்பு கொடுத்துட்டுச் சும்மா உட்கார்ந்தார். செக் இல்லை, வெட்டு இல்லை. சண்டைக் காட்சி நடுவுல ஹீரோ சட்டைக் கையை மடிச்சு விடுற மாதிரி ஒரு மூவ். அட்டாக் பண்ற ஆட்டக்காரரை அடையாளம் காட்டுறது இந்த மாதிரி அமைதியான மூவ்தான்னு நான் நினைக்கிறேன். தியாகம் பண்ண தைரியம் போதும். தியாகம் பண்ணிட்டு நிதானமா ஒரு சிப்பாயைத் தள்ள வேற ஏதோ வேணும்.

கடைசி மூவும் செக் கிடையாது. வெள்ளை ராணி டி3-ல நின்னு அந்த வரிசையோட மறுமுனையில இருக்கிற எச்3 சிப்பாயைக் காக்குது. ஆனந்த் மந்திரியை இ3-ல கொண்டு வந்து அந்த ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தி லைனைக் கட் பண்ணார். அடுத்து ராணி எச்3-ஐ வெட்டும். ஜி2 சிப்பாய் திருப்பி வெட்ட முடியாது. ஏன்னா பி7-ல அமைதியா உட்கார்ந்திருந்த இன்னொரு மந்திரி, அந்தச் சிப்பாயை ராஜாவோட சேர்த்து பின் பண்ணி வச்சிருக்கு. அரோனியன் கை கொடுத்துட்டார்.

பார்த்தவங்களுக்கெல்லாம் உடனே ஞாபகம் வந்தது 1907-ல லோட்ஸ் நகரத்துல நடந்த ரோட்லெவி - ரூபின்ஸ்டீன் ஆட்டம். அங்கேயும் கறுப்புதான் ஜெயிச்சுது. அங்கேயும் ரெண்டு மந்திரியும் ஒரே பக்கம் குறி, ஜி4-ல குதிரை, காய் மேல காய் தியாகம். ரூபின்ஸ்டீன் ராணியையே வெட்டக் கொடுத்துட்டு 25 மூவ்ல முடிச்சார். 106 வருஷ இடைவெளி! ஆனா போர்டுல அதே முகச்சாயல்.

மூளைக்குள்ள என்ன ஓடுது?

'பெரிய ஆட்டக்காரங்களுக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி, நமக்கு இல்லை'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு செய்தி. 1973-ல சேஸ், சைமன் என்ற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. நிஜ ஆட்டத்துல இருந்து எடுத்த ஒரு நிலையை அஞ்சு செகண்ட் காட்டி, 'இப்போ ஞாபகத்துல இருந்து அடுக்கு'ன்னாங்க. மாஸ்டர் அநாயாசமா அடுக்கினார், புதுசா கத்துக்கிட்டவங்க திணறினாங்க. அடுத்து அதே காய்களைக் கண்டமேனிக்குக் கலைச்சு வச்சுக் காட்டினாங்க. மாஸ்டரோட பெருமையெல்லாம் காத்துல பறந்துடுச்சு. அவரும் புதுசா வந்தவரும் கிட்டத்தட்ட ஒண்ணு!

அதாவது, மாஸ்டர் காயைக் காயா பார்க்கலை. 'காஸ்லிங் பண்ணின ராஜா, முன்னாடி மூணு சிப்பாய், எஃப்6 குதிரை' அப்படின்னு ஒரு கொத்தா பார்க்கிறார். நாம 'அம்மா' என்ற சொல்லைப் படிக்கும்போது எழுத்துக் கூட்டியா படிக்கிறோம்? அதேதான். இந்தக் கொத்துகளை எத்தனை சேர்க்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் கண்ணுக்கு டாக்டிக்ஸ் தெரியும். பிறவியில வர்றதில்லை, சேர்க்க முடியும்ங்கிறதுதான் நமக்கு நல்ல செய்தி.

ஆனந்த் சின்ன வயசுல ஒரு வருஷத்துக்கு மேல பிலிப்பைன்ஸ்ல இருந்தார். அங்கே டிவியில தினமும் செஸ் புதிர் போடுவாங்க. அவர் ஸ்கூல் போயிருக்கும்போது அம்மா அதைக் குறிச்சு வைப்பாங்க. சாயங்காலம் ரெண்டு பேருமா சேர்ந்து விடை கண்டுபிடிச்சு அனுப்புவாங்க. பரிசு புத்தகம். பையன் தொடர்ந்து ஜெயிச்சு ஜெயிச்சு, கடைசியில 'வேணுங்கிற புத்தகத்தை எடுத்துக்கோ, தயவுசெஞ்சு இனிமே விடை அனுப்பாதே'ன்னு சொல்ற அளவுக்குப் போயிடுச்சாம். அதை ஆனந்தே பல பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

மரங்கொத்தி வைத்தியம்

சரி, எப்படிச் சேர்க்கிறது? ஸ்வீடன்ல ஹன்ஸ் டிக்கனென்னு ஒருத்தர். இவர் புதுசு புதுசா புதிர் தேடி ஓடலை. ஒரே புதிர்த் தொகுப்பை எடுத்து முழுசா முடிச்சார். முடிச்சதும் அதையே மறுபடி, இந்தத் தடவை இன்னும் குறைஞ்ச நாள்ல. மறுபடி, இன்னும் குறைஞ்ச நாள்ல. மரங்கொத்தி மாதிரி ஒரே இடத்துல டொக்கு டொக்குன்னு. 2010-ல ஏழே வாரத்துல மூணு கிராண்ட் மாஸ்டர் நார்ம் வாங்கினார். அவரும் ஆக்ஸல் ஸ்மித்தும் சேர்ந்து 2018-ல இதைப் புத்தகமாவே போட்டாங்க, 1128 புதிரோட. நமக்கு அவ்வளவு வேண்டாம். 200 புதிர் எடுத்துக்குங்க. முதல் சுத்து ஒரு மாசம், ரெண்டாவது பதினஞ்சு நாள், மூணாவது ஒரு வாரம். நாலாவது சுத்துல புதிரைப் பார்த்ததும் கை தானா நகரும். அரியர் பேப்பர்ல தெர்மோடைனமிக்ஸ் கணக்கு மூணாவது தடவை எழுதுறவனுக்கு வர்ற வேகம் மாதிரி!

ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, காயைத் தொடாம, முழு விடையும் மனசுல ஓடி முடியணும். மொபைல்ல முதல் மூவை உத்தேசமா தட்டிட்டு, பச்சை வந்தா 'அடுத்தது என்ன'ன்னு பார்க்கிறது பயிற்சியே இல்லை. அது லாட்டரி. ரெண்டாவது, எதிராளிக்கு நல்ல பதில் தேடணும். நமக்கு வசதியான பதிலை அவர் ஆடுவார்னு நாமளே முடிவு பண்ணிக்கிறதுதான் பாதித் தோல்விக்குக் காரணம்.

குகேஷ் 2500 ரேட்டிங் தாண்டுற வரைக்கும் கம்ப்யூட்டர் இன்ஜின் பக்கமே போகாம பயிற்சி எடுத்தார்ங்கிறது பரவலா தெரிஞ்ச விஷயம். அவரோட பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எடுத்த முடிவு அது. நாம ஒரு ஆட்டம் தோத்ததும் அடுத்த செகண்ட் இன்ஜினை ஆன் பண்ணி, '19-வது மூவ்ல பிளண்டர்' அப்படின்னு சிவப்புக் கலர்ல பார்த்து, 'ஓகே, ஓகே'ன்னு தலையாட்டிட்டு அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சிடுறோம். முதல்ல பேப்பர்ல நீங்களே எழுதுங்க: எந்த இடத்துல நிலைமை மாறுச்சு, அப்போ என்ன யோசிச்சீங்க, எதை யோசிக்கவே இல்லை. அப்புறம் இன்ஜின். வரிசை முக்கியம்.

போர்டுல மணி அடிக்காது

இப்போ நிறைய பேர் கேட்கிற கேள்விக்கு வர்றேன். 'ஆயிரம் புதிர் போட்டாச்சு, ஆப்ல புதிர் ரேட்டிங் எகிறுது. ஆனா நிஜ ஆட்டத்துல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. ஏன்?'

ஏன்னா, புதிர்ல 'இங்கே ஏதோ இருக்கு'ன்னு முன்னாடியே சொல்லிடுறாங்க. நிஜ ஆட்டத்துல 25-வது மூவ்ல மணி அடிச்சு, 'தம்பி, இப்போ ஒரு காம்பினேஷன் இருக்கு, பாரு'ன்னு யாரும் சொல்றதில்லை. அந்த மணியை நாமளே அடிச்சுக்கணும். ஒவ்வொரு மூவுக்கும் ஒரு மணி நேரம் யோசிக்க முடியாதே, எப்போ அடிக்கிறது?

மூணு அறிகுறி இருக்கு. எதிராளி ராஜாவுக்கு ஓட இடம் இல்லை. அவர் காய் ஏதோ ஒண்ணு எந்த ஆதரவும் இல்லாம தனியா நிக்குது. இல்லேன்னா ரெண்டு காய் ஒரே கோட்டுல, அல்லது ஒரே குதிரை தொடுற தூரத்துல நிக்குது. கணிதத்துல ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர் பட்டம் வாங்கின இங்கிலாந்து கிராண்ட் மாஸ்டர் ஜான் நன் ரெண்டாவது அறிகுறியைத் திரும்பத் திரும்ப எழுதுவார்: ஆதரவில்லாத காய் உதிர்ந்து விழும். இதுல ரெண்டு அறிகுறி சேர்ந்து வந்தா நிறுத்துங்க. கையை உட்கார்ற சேருக்குக் கீழே வச்சுக்குங்க. முதல்ல எல்லா செக்கையும் பாருங்க, கேவலமாத் தெரியற செக்கையும். அடுத்து எல்லா வெட்டையும். அடுத்து மிரட்டல்களை. இந்த வரிசை ஏன்னா, செக் வச்சா அவருக்குப் பதில் குறைவு, அதனால கணக்குப் போடுறது சுலபம். ராணியைக் கொடுக்கிற மூவ் நம்ம கண்ணுக்கே தெரியாததுக்குக் காரணம், 'அது எப்படி முடியும்'னு மூளை வாசல்லயே நிறுத்திடுது. லிஸ்ட் போட்டுப் பார்த்தா உள்ளே விட்டுத்தான் ஆகணும்.

அப்புறம் இதையே திருப்பிப் போடணும். அவர் என்ன செக் வைப்பார், எதை வெட்டுவார்? இதைச் செய்யாம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். உலக சாம்பியன்ஷிப், 14-வது ஆட்டம், ஸ்கோர் ஆறரை - ஆறரை. டிங் லிரென் வெள்ளை, குகேஷ் கறுப்பு. ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிரா பண்ணிடலாம்னுதான் உலகமே நினைச்சுது. பண்ணியிருந்தா மறுநாள் டை பிரேக். 55-வது மூவ்ல டிங், யானைகளை மாத்திக்கலாம்னு தன் யானையை எஃப்2-ல வச்சார். பார்க்க நியாயமான மூவ். ஆனா அவர் மந்திரி ஏ8 மூலையில இருந்துச்சு. யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை டி5-ல கொண்டு வந்து அதுக்கு எதிரே நிறுத்தினார். மூலையில இருக்கிற மந்திரிக்கு ஓட இடமே இல்லை; அதையும் மாத்திக்கத்தான் வேணும். மிச்சம் ராஜாவும் சிப்பாயும் மட்டும். கூடுதல் சிப்பாய் இருக்கிறவர் ஜெயிக்கிற நிலை. 58-வது மூவோட டிங் ஒப்புக்கிட்டார். 18 வயசுல உலக சாம்பியன்!

இதுல தியாகம் இல்லை, மேட் இல்லை, பில்டப் எதுவுமே இல்லை. 'ஓட இடம் இல்லாத காய்' என்ற ஒரே அறிகுறி. மணிக்கணக்கா ஆடின களைப்புல ஒருத்தர் அதைக் கவனிக்கலை, ஒருத்தர் கவனிச்சார். டாக்டிக்ஸ்னா பட்டாசு மட்டும்தான்னு நினைக்கிறவங்க இந்த நாலு மூவை வச்சுப் பார்க்கணும்.

'அப்போ தால் மட்டும்?'னு நீங்க கேட்கிறது காதுல விழுது. ரீகா நகரத்து மந்திரவாதி மிகைல் தால். 1960-ல பாட்வினிக்கை ஜெயிச்சு 23 வயசுல உலக சாம்பியன். கணக்குப் போட்டுப் பார்த்தா தப்புன்னு பிறகு நிரூபிக்கக்கூடிய தியாகங்களைக்கூட ஆடி, எதிராளியைத் திணற வச்சு ஜெயிச்சவர். சென்னை சோவியத் கலாசார மையத்துல மானுவேல் ஆரோன் தொடங்கின கிளப்புக்கே அவர் பேரைத்தான் வச்சாங்க. ஆனந்த் சின்னப் பையனா ஆடினது அந்த தால் செஸ் கிளப்லதான். தால் மாதிரி ஆடலாமான்னா, தாராளமா. ஆனா தால் எந்தத் தியாகத்தையும் கண்ணை மூடிட்டுப் பண்ணலை. எதிராளி எத்தனை கஷ்டமான கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதுக்கு அவர் கடிகாரத்துல எத்தனை நிமிஷம் இருக்குங்கிறதும் அவர் கணக்குல உண்டு. நம்ம ஹாஸ்டல் பிளிட்ஸ்ல அந்தக் கணக்கு இன்னும் நல்லாவே வேலை செய்யும். மூணு நிமிஷ ஆட்டத்துல பாதி சரியான தியாகமும் பலிக்கும். மணிக்கணக்கா ஆடுற ஜோனல்ஸ்ல அதையே பண்ணாதீங்க. எதிராளிக்குத் தண்ணி குடிச்சிட்டு வந்து யோசிக்க நேரம் இருக்கும்.

போறதுக்கு முன்னாடி கைக்கு ஒரு வேலை. வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி4, குதிரை ஜி5, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா எச்8, ராணி பி2, யானை டி8, சிப்பாய்கள் ஜி7, எச்7. வெள்ளை ஆடணும். காய்க் கணக்குல பின்தங்கி இருக்கார், ஆனா நாலே மூவ்ல மேட். 1497-ல ஸ்பெயின்ல லூசெனா அச்சடிச்ச புத்தகத்துலேயே இருக்கிற ஐடியா இது. ஆனந்த் ஆட்டத்துல போர்டுக்கு வராமலே போன அந்த எஃப்2 மேட்டோட கொள்ளுத் தாத்தா. போர்டுல அடுக்குங்க, காயைத் தொடாதீங்க, எல்லா செக்கையும் வரிசையாப் பாருங்க. மூணாவது மூவ்ல 'சேச்சே, அது எப்படி முடியும்'னு ஒண்ணு தோணும் பாருங்க... அதுதான்!